கூரையைப் பார்த்தபடி கொடுத்தவர்

(உலகக் குருதிக்கொடையாளர் நாளையொட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று பிறந்தார். அதனால்தான் இந்த நாளைக் கொடையாளர் நாளாக உலகம் வைத்திருக்கிறது. வழக்கமாக இந்த மேடையில் அறிவியலாளர்களைப் பற்றித்தான் பேசுவோம். இம்முறை ஒரு தாத்தாவைப் பற்றிப் பேசுகிறேன் என்று அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் மருத்துவர் இல்லை. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்தவர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்காரர். பெயர் ஜேம்ஸ் ஹாரிசன். 2025 பிப்ரவரி 17 அன்று, சிட்னிக்கு வடக்கே சென்ட்ரல் கோஸ்ட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 88. ஒரு மகள், பேரன்கள், கொள்ளுப்பேரப் பிள்ளைகள் என்று குடும்பத்தை விட்டுச் சென்றார்.

அவர் மறைந்த செய்தியை உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. ‘தங்கக் கைக்காரர்’ என்று தலைப்பு. 24 லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றியவர் என்று எழுதினார்கள். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்தப் படம் சுற்றியது. சாய்வு நாற்காலியில் ஒரு கிழவர், நீட்டிய கை, முகத்தில் சிரிப்பு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. காரணம், நான் வேலைக் காலம் முழுவதும் ரத்த வங்கியில் கழித்தவன். அவர் கொடுத்த பொருளின் அருமை ஒரு பிரசவ வார்டில் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

ஹாரிசன் 1936 டிசம்பர் 27 அன்று பிறந்தார். பதினான்கு வயதில், 1951இல், நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. ஒரு பக்க நுரையீரலை எடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான் அந்தப் பையன். யூனிட் யூனிட்டாக ரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். நினைவு தெளிந்த பிறகு அவனுடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எடுத்துச் சொன்னார். உன் உடம்பில் ஓடுவது முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம், அவர்கள் கொடுக்காவிட்டால் நீ இல்லை என்றார். அந்த அப்பாவும் ஒரு ரத்தக் கொடையாளர். பையன் உடனே சொன்னானாம், வயது வந்ததும் நானும் கொடுப்பேன் என்று.

இப்படி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொல்கிற வாக்குறுதிகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். உயிர் பிழைத்த நன்றியில் மனிதர்கள் எதையும் சொல்வார்கள். மொட்டை போடுகிறேன் என்பார்கள், அன்னதானம் செய்கிறேன் என்பார்கள், இனி மாதம் தவறாமல் வந்து ரத்தம் கொடுக்கிறேன் என்று ரத்த வங்கிக்காரர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அது உண்மைதான். வீட்டுக்குப் போய் வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஆனபிறகு அது மெல்லக் கரைந்துவிடும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்தப் பையன் காத்திருந்து, பதினெட்டு ஆனதும் 1954இல் போய்க் கையை நீட்டினான். அதற்கப்புறம் அறுபத்து நான்கு வருடம் அந்தக் கையை மடக்கவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. அவருக்கு ஊசி என்றால் பயம். ரத்தத்தைப் பார்க்க முடியாது, வலி தாங்காது. ஒருமுறைகூட ஊசி உள்ளே இறங்குவதைப் பார்த்ததில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கூரையைப் பார்ப்பாராம், இல்லையென்றால் நர்ஸிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பாராம். ரத்த வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நாற்காலியில் சாய்ந்தவர் மேல்கையில் பட்டையைக் கட்டி, பந்தை அமுக்குங்கள் என்று சொல்லி, முழங்கை மடிப்பில் நரம்பை விரலால் தேடி, பஞ்சால் துடைக்கும்போது சிலருடைய முகம் மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிடும். கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். அவர்களிடம் நாங்கள், ‘எந்த ஊருங்க, சாப்பிட்டு வந்தீங்களா’ என்று கேட்டுக்கொண்டே ஊசியை இறக்குவோம். ஹாரிசன் அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்ட முறைகளின் எண்ணிக்கை 1,173.

இனி, அவர் ரத்தத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவர்களுக்கும் இது வீட்டு விஷயம்.

நம் ரத்தச் சிவப்பணுக்களின் மேல் ‘டி’ என்று ஒரு புரதம் உண்டு. அது இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் நெகட்டிவ். ஐரோப்பிய வழிவந்தவர்களிடம் அது பல மடங்கு அதிகம். நெகட்டிவாக இருப்பது நோயல்ல. அந்த மனிதருக்கு அதனால் அன்றாடம் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் நெகட்டிவ் பெண் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை வளரும்போது, முக்கியமாகப் பிரசவ நேரத்தில், குழந்தையின் ரத்தம் ஒரு சில துளி தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். தாயின் உடம்பு அந்த ‘டி’யை அதுவரை கண்டதில்லை. அந்நியப் பொருள் என்று நினைத்து அதை அழிக்க எதிர்ப்பொருளைத் தயார் செய்துவிடும். அதற்குள் முதல் குழந்தை பிறந்து தொட்டிலுக்கு வந்துவிடுவதால் பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்த குழந்தைதான் அகப்பட்டுக்கொள்ளும். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய் அந்தக் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்தசோகையில் உடம்பெல்லாம் நீர் கோத்துக் கருவிலேயே இறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்த சில மணி நேரத்திலேயே மஞ்சள் காமாலை ஏறி, அது மூளையைத் தாக்கி, பிழைத்தாலும் ஊனத்தோடு வாழும் குழந்தைகள் உண்டு.

பழைய தலைமுறையில் சில வீடுகளில் ஒரே ஒரு பிள்ளை நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு பிறந்ததெல்லாம் தங்கியிருக்காது. பெண்ணின் ஜாதகத்தைப் பழித்தார்கள், நாக தோஷம் என்றார்கள், பரிகாரம் செய்தார்கள். அந்த இழப்புகளுக்கு எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கும். அவற்றில் ஒரு பங்கு, யாருக்கும் தெரியாத இந்த ‘டி’ புரதம். 1939இல் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் இறந்து பிறந்த குழந்தையின் தாய் ஒருவரின் ரத்தத்தை ஆராய்ந்தபோதுதான் முதல் துப்பு கிடைத்தது. அடுத்த ஆண்டு லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ‘ஆர்எச்’ காரணியை அறிவித்தார்கள். ஜாதகத்தின் மேல் போட்ட பழி ரத்தத்தின் வேதியியலுக்கு மாற, அதுவும் நம் கிராமங்களுக்கு வந்துசேர, இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

காரணம் தெரிந்தது. தடுப்பது எப்படி? இங்கிலாந்தின் லிவர்பூலில் சிரில் கிளார்க், ரொனால்ட் ஃபின் குழுவினரும், நியூயார்க்கில் வின்சென்ட் ஃப்ரீடா, ஜான் கோர்மன், வில்லியம் பொல்லாக் ஆகியோரும் 1960களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே விடைக்கு வந்தார்கள். தாயின் உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரிப்பதற்கு முன்னால், வேறொருவர் உடம்பில் ஏற்கெனவே தயாரான அதே எதிர்ப்பொருளைக் கொஞ்சமாக ஊசியில் போட்டுவிடுவது. அது உள்ளே போய், கலந்திருக்கும் குழந்தையின் அணுக்களை அப்புறப்படுத்திவிடும். தாயின் உடம்பு விழித்துக்கொள்ள வேண்டிய தேவையே வராது. எந்தப் பொருள் குழந்தையைக் கொல்கிறதோ அதையே சிறு அளவில் கொடுத்து அடுத்த குழந்தையைக் காப்பது. கேட்பதற்கே துணிச்சலான யோசனை. அந்த ஜான் கோர்மன் ஆஸ்திரேலியர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சோதனைக் கட்டத்திலேயே அந்த மருந்தைத் தன் சகோதரரின் மனைவிக்கு அனுப்பி வைத்தார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

ஆனால் அந்த எதிர்ப்பொருளை அன்றைக்குத் தொழிற்சாலையில் காய்ச்சி எடுக்க முடியவில்லை. அது ஏதோ ஒரு மனிதரின் ரத்தத்தில் ஊறியாக வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் ரத்த வங்கிப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு குமாஸ்தாவின் பெயர் அகப்பட்டது. பதினான்கு வயதில் ஏற்றிய ரத்தம்தான் அவர் உடம்பில் இந்த எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். நெகட்டிவ் பையனுக்கு ஏற்றிய ரத்தத்தில் பாசிட்டிவும் இருந்திருக்கலாம். அவனைப் பிழைக்கவைத்த அந்நியர்களின் ரத்தமே அவன் உடம்பில் இந்த மருந்தை விதைத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். அந்த அந்நியர்கள் யாருக்கும் தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியாது. ஒரு பையனுக்குக் கொடுத்தோம் என்றுகூடத் தெரியாது.

அவரை அழைத்துக் கேட்டார்கள். வழக்கமான ரத்தக் கொடையை விட்டுப் பிளாஸ்மா கொடுக்க வேண்டும், அடிக்கடி வர வேண்டும், திட்டமே புதிது. அவர் ஒப்புக்கொண்டார். அவர் உயிருக்குப் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் காப்பீடு எடுத்தார்கள். அதிலிருந்தே அவர்களுக்கிருந்த கவலை தெரிகிறது. 1967இல் சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் அந்த எதிர்ப்பொருள் கொண்ட ‘ஆன்டி-டி’ ஊசி ஆஸ்திரேலியாவில் முதன்முதலாகப் போடப்பட்டது. அதற்கு முன்பு இந்தச் சிக்கலால் அந்த நாட்டில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன.

முழு ரத்தம் கொடுத்தால் அடுத்த முறைக்கு மாதக்கணக்கில் இடைவெளி விட வேண்டும். நம் நாட்டில் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம். பிளாஸ்மா கொடுப்பதில் அந்தச் சிக்கல் குறைவு. இயந்திரம் ரத்தத்தை வாங்கிச் சுழற்றி, மஞ்சள் நிறத் திரவத்தைத் தனியே எடுத்துக்கொண்டு, சிவப்பணுக்களை அதே கைக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஒருமுறைக்கு முக்கால் மணி நேரம் போல ஆகும். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஹாரிசனின் கணக்கைப் பார்த்தால் வாழ்நாள் சராசரி மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. கடலோரத்து ஊரான உமினாவில் குடியிருந்த காலத்தில் ரயிலேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து சிட்னி மையத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு, மறுபடி ரயிலேறி வீட்டுக்கு வருவார். 2005இல் மனைவி இறந்தார். அந்தத் துக்கத்திலும் அவர் கொடுப்பதை நிறுத்தவில்லை.

நம்முடைய கொடைக் கதைகளை நினைத்துப் பாருங்கள். முல்லைக்குத் தேரை விட்டு இறங்கி நடந்தான் பாரி. மயிலுக்குப் போர்வையைப் போர்த்தினான் பேகன். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தான் சிபி. கவசத்தை அறுத்துக் கொடுத்தான் கர்ணன். சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதைகள், கேட்கும்தோறும் நெஞ்சு நிறையும். எல்லாவற்றிலும் கொடை ஒரே கணத்தில் நடந்துமுடிகிறது. தேர் ஒருமுறை நின்றது. போர்வை ஒருமுறை விழுந்தது. பாரி இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை ஒரு தேரோடு அந்தக் காட்டுக்கு வந்துகொண்டே இருந்திருந்தால் அந்தக் கதையை நாம் எப்படிப் பாடியிருப்போம்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ரத்த வங்கி என்பது அப்படி வருகிறவர்களால்தான் நடக்கிறது. சிவப்பணு ஐந்தாறு வாரத்துக்கு மேல் தாங்காது. தட்டணு ஐந்து நாள்தான். போன வருடம் ஒருவர் மனமுருகிக் கொடுத்தது இன்றைக்கு விபத்தில் வந்தவனுக்கு உதவாது. பிறந்தநாளுக்கும் தலைவர்களின் நினைவு நாளுக்கும் முகாம் போட்டுப் பை பையாக ரத்தம் வந்து குவியும். கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடியதும் அலமாரி காலியாகும். இங்கிருக்கும் ஊழியர்களைக் கேளுங்கள், மே மாதம் என்றால் அவர்கள் வயிற்றைப் பிசையும்.

ஆகவே ஹாரிசனிடம் என்னை வணங்கவைப்பது அவர் ரத்தத்தில் இருந்த அபூர்வப் பொருள் அல்ல. அது அவர் சம்பாதித்ததில்லை. பயந்தபடியே, முகத்தைத் திருப்பியபடியே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அறுபத்து நான்கு வருடம் வந்தாரே, அதைத்தான் அவர் தானாகச் செய்தார். தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாத அந்த முதல் வருடங்களிலும், சாதாரண ரத்தம் என்று நினைத்துக் கொடுத்த காலத்திலும், வந்துகொண்டுதான் இருந்தார். வராமல் இருந்திருந்தால் பதிவேட்டில் அவர் பெயர் எப்படிக் கிடைத்திருக்கும்?

இந்த இடத்தில் 24 லட்சம் என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாளைக்கு நீங்கள் யாரிடமாவது சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? பலருடைய பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் ஆன்டி-டி தயாரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் தயாரான ஒவ்வொரு தொகுதியிலும் ஹாரிசனின் பங்கு இருந்தது என்கிறார்கள். அந்த ஊசிகளைப் பெற்ற தாய்மார்களைக் கணக்கிட்டு வருவதுதான் இந்த எண். அந்த 24 லட்சம் குழந்தைகளும் ஊசி இல்லாவிட்டால் இறந்தே போயிருக்கும் என்று பொருள் இல்லை. ஊசி இல்லாத காலத்தில், பாசிட்டிவ் குழந்தை பெற்ற நெகட்டிவ் தாய்மார்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில்தான் எதிர்ப்பொருள் உண்டானது. பிரசவத்துக்குப் பின் ஊசி போட்டபோது அது இரண்டுக்குக் கீழே வந்தது. கர்ப்பத்தின்போதும் ஒன்று போட்டபோது ஒன்றுக்கும் கீழே போனது. அந்தப் பதினாறில் தன் பெண் இருப்பாளா மாட்டாளா என்று யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? அதனால்தான் எல்லோருக்கும் போடுகிறோம். எண்ணைக் குறைத்துச் சொல்வதால் அந்த மனிதரின் உயரம் ஒரு அங்குலமும் குறையாது. ஒரே ஒரு தொட்டில் காலியாகாமல் இருந்தால்கூட, அந்த வீட்டுக்கு அதுதான் முழு எண்.

தாத்தாவைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். அந்த இடத்துக்கு இப்போது வருகிறேன்.

ஹாரிசனின் மகளும் நெகட்டிவ். 1992இல் அவருக்கு முதல் மகன் பிறந்தான். பிரசவம் ஆனதும் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். அதே தொகுதிகளில் வந்த ஊசி. பிறகு இரண்டாவது மகனும் நல்லபடியாகப் பிறந்தான். பிற்காலத்தில் பேரனின் மனைவிக்கும் அதே ஊசி தேவைப்பட்டது. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பாவின் கொடை இல்லாமல் எங்கள் குடும்பமே இருந்திருக்குமோ என்னவோ என்கிற பொருளில் அவர் மறைவின்போது மகள் பேசினார். எவருக்கும் காசு செலவில்லாமல், வலியில்லாமல் இத்தனை உயிரைக் காத்ததில் தன் தந்தைக்குப் பெருமை என்றும் சொன்னார்.

நம் ஊர்த் தாத்தாக்கள் பேரனுக்கு எதை விட்டுப் போகிறார்கள்? முடிந்தவர்கள் ஒரு காணி நிலம், கிணற்றில் ஒரு பங்கு, பாட்டியின் சங்கிலி. முடியாதவர்கள் தம் பெயரையாவது விட்டுப் போகிறார்கள். பேரனுக்கு அந்தப் பெயரை இட்டுக் கூப்பிடுவதே பெரியவரின் பெயரை மறுபடி வீட்டில் கேட்கத்தானே. இந்தத் தாத்தா 1967இலிருந்து ஊரார் பிள்ளைகளுக்கு என்று போட்டுவைத்ததில் அவருடைய பேரப்பிள்ளையின் பங்கும் இருந்திருக்கிறது. அவர் அதைத் திட்டமிடவில்லை. மகளுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஊருக்குப் பொதுவில் வெட்டிய குளத்துத் தண்ணீர் ஒருநாள் வெட்டியவன் வீட்டு வாசலுக்கும் வாய்க்காலில் வந்ததுபோல அது வந்தது. இதை ஏதோ கைம்மாறு என்று நான் சொல்லவில்லை. தன் மகளுக்கும் அடுத்த தெருப் பெண்ணுக்கும் ஒரே குப்பியிலிருந்து மருந்து போயிருக்கிறது. இருவரையும் அவர் வேறுபடுத்தவில்லை, வேறுபடுத்த முடியவும் செய்யாது. பொதுத்தொண்டு வேறு, குடும்பப் பாசம் வேறு என்று நாம் பிரித்துப் பேசுவோம். ஊருக்கு உழைத்தவன் வீட்டைக் கவனிக்க மாட்டான் என்று நம் வீட்டுப் பெண்கள் நொந்துகொள்வதில் நியாயமும் உண்டு. இந்த மனிதரின் வாழ்க்கையில் அந்த இரண்டும் ஒரே ஊசியில் ஏறியிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் ரத்தத்துக்கோ பிளாஸ்மாவுக்கோ காசு கிடையாது. கொடுத்தவருக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர், காசுக்கு வாங்கும் ரத்தத்தையும் மனமுவந்து தரும் ரத்தத்தையும் ஒப்பிட்டு ‘தி கிஃப்ட் ரிலேஷன்ஷிப்’ என்று ஒரு நூல் எழுதினார். காசு புகுந்த இடத்தில் ரத்தத்தின் தரமும் கெடுகிறது, சமூகமும் கெடுகிறது என்பது அவர் வாதம். நாம் அதை அனுபவத்தில் கண்டவர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளின் வாசலில், கன்னம் ஒட்டிப்போன மனிதர்கள், ரத்தம் வேண்டுமா என்று உறவினர்களிடம் கிசுகிசுத்துக்கொண்டு நின்ற காலம் ஒன்று இருந்தது. முன்னே கொடுத்த தேதியை மறைப்பார்கள், நோயை மறைப்பார்கள். பசி அவர்களை அப்படிச் செய்ய வைத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விலைக்கு விற்பது நின்றது. அந்த இடத்தை நிரப்பியவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் நீங்கள். ஆட்டோ ஓட்டுநர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ரசிகர் மன்றத்து இளைஞர்களும்தான் நிரப்பினார்கள்.

ஹாரிசனின் கடைசிக் கொடை 2018 மே 11 அன்று, சிட்னி டவுன் ஹால் மையத்தில் நடந்தது. வயது 81. வழக்கமான வரம்பைத் தாண்டிவிட்டார். இனி அவர் உடம்புக்கு நல்லதல்ல என்று நிறுத்தச் சொன்னார்கள். அன்று அவர் நாற்காலியைச் சுற்றி, அந்த ஊசியால் காப்பாற்றப்பட்ட குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்து நின்றார்கள். விட்டால் இன்னும் கொடுத்துக்கொண்டே இருப்பேன் என்று அவர் வருத்தப்பட்டார். 1999இல் அரசு அவருக்கு ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா பதக்கம் கொடுத்திருந்தது, கின்னஸ் புத்தகத்திலும் பெயர் வந்தது. அந்த நாற்காலியை விட்டு இறங்குவதற்கு அவையெல்லாம் ஆறுதலாக இருந்திருக்காது.

அவருக்குப் பிறகு? ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்குச் சுமார் 45,000 தாய்மார்களுக்கு ஆன்டி-டி வேண்டியிருக்கிறது. அதற்குப் பிளாஸ்மா தருகிறவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. அவ்வளவு கனமும் அந்தச் சில தோள்களில். மெல்பர்னின் வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வகமும் அந்த நாட்டு ரத்த சேவை அமைப்பும் சேர்ந்து, ஹாரிசன் முதலிய கொடையாளர்களின் ரத்த அணுக்களை வைத்து இந்த எதிர்ப்பொருளை ஆய்வகத்திலேயே வளர்க்க முயன்றுவருகிறார்கள். ‘ஜாடிக்குள் ஜேம்ஸ்’ என்று அந்த முயற்சிக்குச் செல்லப் பெயர். அது கைகூடினால் ஊசிக்குப் பயந்த ஒருவர் இனி இப்படி வாழ்நாள் முழுதும் வந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று நான் மனதார வேண்டுகிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒருமுறை பிரசவ வார்டிலிருந்து ஒரு வயதான அம்மா, மருமகளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ரத்த வங்கிக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. சீட்டை நீட்டி, “ஏன் சார், நெகட்டிவுன்னு போட்டுருக்காங்களே, புள்ளை ரத்தத்துல ஏதாச்சும் கோளாறா?” என்று கேட்டார். கோளாறு ஒன்றுமில்லை அம்மா, இது ஒரு வகை, அவ்வளவுதான், பேரன் பிறந்து மூன்று நாளைக்குள் ஓர் ஊசி போட வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன். “போட்டா அடுத்தது நல்லா பொறக்குமா?” என்றார். பொறக்கும் அம்மா என்றேன். அவர் அந்தச் சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வந்ததைவிட வேகமாக மாடிப்படி ஏறிப் போனார். பயத்தோடு வந்த அந்த அம்மா, கையில் ஒரு காரியத்தோடு திரும்பிப் போனார். அந்த ஊசியை ஏதோ ஒரு தூர தேசத்திலோ நம் நாட்டிலோ யாரோ ஒருவர் கையை நீட்டித் தந்திருந்தார் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

செவிலியர் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். நெகட்டிவ் தாய் என்றால் 28ஆவது வாரத்தில் ஒரு ஊசி, குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் விட்டுப்போவது எங்கே தெரியுமா? கருச்சிதைவிலும் கருக்கலைப்பிலும். பிள்ளை தங்கவில்லை என்ற துக்கத்தில் வீட்டுக்காரர்கள் அவசரமாகக் கூட்டிப் போய்விடுவார்கள். அப்போதும் அந்தத் துளி ரத்தம் கலந்திருக்கும். அப்போதும் ஊசி வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்து வாங்கும் முன் ரத்த வகையை ஒருமுறை பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்கிறேன். பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகத்தோடு அவளுடைய ரத்த வகையையும் எழுதிவையுங்கள். நெகட்டிவ் என்றால் மறைக்க வேண்டாம், ஒளிக்க வேண்டாம். அது தெரிந்திருந்தால் போதும், மீதியை மருந்து பார்த்துக்கொள்ளும்.

இன்றைய ரத்தக் கொடை முகாம் கீழ்த்தளத்தில் மாலை ஐந்து மணி வரை நடக்கிறது. 18 வயது முடிந்தவர்கள், 45 கிலோவுக்குக் குறையாதவர்கள் போகலாம். காலையில் சாப்பிடாதவர்கள் முதலில் பக்கத்து அறையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊசிக்குப் பயம் என்றால் பெயர் பதியும்போதே சொல்லிவிடுங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்கத் தெரிந்த நர்ஸ் அம்மா இருவர் இருக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் அட்டையைக் காட்டினால் அடுத்து வர வேண்டிய தேதியைக் குறித்துத் தருவார்கள்.